வாசலில் நடவுக் கயிறு

என் மனைவியின் இடது கண்ணைச் சின்ன வயசிலேயே அம்மை கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டுதான் அவள் எனக்கு வாக்கப்பட்டு வந்தாள், பிள்ளைகளைப் பெற்றாள், களை பறித்தாள், அரிசியில் கல் பொறுக்கினாள். எழுபதுகளின் கடைசியில் அந்த ஒரு கண்ணிலும் புரை விழுந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது அறுபதை ஒட்டிய வயசு. பிள்ளைகளெல்லாம் கல்யாணமாகி அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பாகூர் ஏரிக்குக் கீழண்டை எங்கள் நாட்டு ஓட்டு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பசுவும்தான்.

முதலில் சோற்றில் கல் வந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் துப்பிவிட்டுச் சாப்பிட்டேன். பிறகு ஒரு நாள் சாமி விளக்கை ஏற்றப் போனவள் திரி என்று நினைத்துத் தன் விரல்மேலேயே தீக்குச்சியை வைத்துக்கொண்டாள். வெந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு, "காத்து அடிச்சிடிச்சி" என்றாள். காற்றே இல்லை. அதற்கப்புறம் நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

இப்போது புரை எடுக்கிறவர்கள் காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுகிறார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. கண்ணில் பெரிதாக அறுத்து, புரையை எடுத்து, நூல் போட்டுத் தைப்பார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்க வைப்பார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அறுத்தது என் வேலை, காப்பாற்றுவது உங்கள் வேலை என்றார். ஒரு மண்டலம் போல அவள் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இருமக் கூடாது, தும்மக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்புப் புகை படக் கூடாது. அழக் கூடாது, விழுந்து விழுந்து சிரிக்கவும் கூடாது. தையல் விட்டால் கண் போய்விடும். இருக்கிறதே ஒரு கண். மண்டலம் கழிந்து வந்தால் கண்ணாடி கொடுப்பார்கள், அதைப் போட்டால்தான் பார்வை. அதுவரைக்கும் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான்.

நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். ஆட்டிய தலை நிற்கவில்லை போலிருக்கிறது. டாக்டர் என்னை உட்காரவைத்து, கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு, உமக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது, உப்பைக் குறைத்துக்கொள்ளும், அண்ணாந்து பார்த்து வேலை செய்யாதீர், மேலே கீலே ஏறாதீர் என்றும் சொல்லி அனுப்பினார்.

திரும்பி வந்த பஸ்ஸில், கண்ணில் பச்சைத் துணி தொங்க என் தோளில் சாய்ந்திருந்தவள் ஒரு பேச்சு பேசினாள். "நான் குனிய மாட்டேன். நீங்க ஏணியில ஏறக் கூடாது. முருகன் மேல ஆணையா சொல்லுங்க." நான் சொன்னேன். அவளும் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, செல்லிப்பட்டில் வாக்கப்பட்ட எங்கள் மகளுக்கு அந்த மாசம் பிறந்திருந்த பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். "அது மூஞ்சிய மட்டும் பாத்துட்டன்னா போதும்."

மறுநாள் விடிந்தது. பசுவைக் கறந்துவிட்டு, பனி விழுகிறதே என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். என்னமோ ஒரு வேலை பாக்கி இருப்பது மாதிரி இருந்தது, என்னவென்று தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் எழுந்து வரும்போது வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டு இருக்கும். சூரியன் உதிப்பது மாதிரி அதுவும் தானாக நடக்கிறது என்று இருந்துவிட்டேன் போல.

எதிர்வீட்டில் இருந்தவள் எனக்குத் தங்கச்சி முறை. வாய்க்காரி. ஆனால் நல்ல மனசு. அவள் தன் வாசலுக்குத் தெளிக்க வந்தவள், பொழுது ஏறியும் எங்கள் வாசல் வெறுமையாகக் கிடக்கிறதைப் பார்த்தாள். நான் தலையில் துண்டோடு குந்தியிருக்கிறதைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் விடிந்த பிறகும் கோலமில்லாத வாசல் என்றால் ஒரே அர்த்தம்தான். சாணி வாளியை அப்படியே போட்டுவிட்டு, "என்னப் பெத்த அண்ணீ" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் குரலைக் கேட்டுத் தெருவில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "யார்டி செத்தது?"

ஒப்பாரி அப்படியே அறுந்துபோனது. எதிர்வீட்டுத் தங்கச்சிதான் முதலில் பேசினாள். "வாசல்ல கோலத்தக் காணமே அண்ணி. எமன் உன்ன வாரிக்கின்னு போயிட்டான்னு பாத்தேன்."

"போவல. சோறு வடிக்கத் தெரியாத மனுசன வுட்டுட்டு நான் எங்கடி போவேன்."

அவ்வளவுதான். அழுதுகொண்டு வந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, சிரிக்காதே சிரிக்காதே என்று கையை விரித்துக்கொண்டு ஓடினேன். அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் சிரிப்பு. உதட்டை இறுக்கக் கடித்துக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க, கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. எனக்கு அந்தப் பச்சைத் துணிக்குப் பின்னால் இருந்த நூலே கண்ணுக்குள் நின்றது.

அவர்கள் போன பிறகு அவள் சிரிக்கவில்லை. நாங்கள் டாக்டர் சொன்னபடிதான் எல்லாம் செய்தோம். நெடி ஏறி இருமல் வருமே என்று தாளிப்பதை நிறுத்தினேன். எண்ணெய் முழுக்கு இல்லை. வாசலில் கோலமும் இல்லை. தாளிப்பு இல்லாத குழம்பும் கோலமில்லாத வாசலும் எழவு வீட்டு அடையாளம். நல்லபடியாகப் பிழைத்து வந்தவளுக்குத் தானே தன் துக்கத்தை அனுஷ்டிக்கிறது போல இருந்திருக்கிறது. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு, "இது ஒரு சோறா" என்று மட்டும் சொன்னாள். நான் புரிந்துகொண்டேன்.

தாளிப்புக்கு வழி சுலபமாகக் கிடைத்தது. தோட்டத்துக் கோடியில் வேப்ப மரத்தடியில் மூன்று கல்லை வைத்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, கடுகைப் பொரித்துக் கரண்டியோடு ஓடி வந்து குழம்பில் கொட்டுவேன். பாதி நாள் ஓடி வருவதற்குள் ஆறிப்போகும். ஆனாலும் அவள் மூக்குக்கு வாசம் எட்டிவிடும். "கடுகு கருகிடிச்சி" என்பாள். அவள் குறை சொல்ல ஆரம்பித்ததும் எனக்கு உயிர் வந்தது.

கோலத்துக்குத்தான் வழி தெரியவில்லை. எதிர்வீட்டுத் தங்கச்சி தானே போட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. வாசல் கோலம் அந்த வீட்டுக் கையால் போட்டால்தான் லட்சுமி வருவாள் என்பது அவள் நம்பிக்கை. அந்த வீட்டில் இருந்த இன்னொரு கை என் கைதான்.

ஏர் பிடித்த கை. முதல் நாள் சாணத்தை மாட்டுக்குத் தவிடு கரைக்கிற மாதிரி கெட்டியாகக் கரைத்துவிட்டேன். மணைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து மாவை எடுத்தால் விரலிடுக்கில் குபீரென்று கொட்டுகிறது. அவள் உள்வாசலில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, முதலில் ஒரு புள்ளி, அதற்கு நேரே ஒரு புள்ளி என்று சொல்லச் சொல்ல வைப்பேன். நேர் என்பது எனக்கு வந்தால்தானே. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வாசலில் இருந்து தங்கச்சி, "இன்னா அண்ணே, கோலமா, பாத்தி கட்டுறியா" என்று கேட்டாள்.

அவள் கேட்ட அந்தக் கேள்வியில்தான் எனக்கு வழி திறந்தது. அறுபதுகளில் எங்கள் பக்கத்துக்கு ஜப்பான் முறை நடவு வந்தபோது, வரிசை கோணாமல் நடுவதற்கு நீளக் கயிற்றில் இடம் விட்டு இடம் விட்டுச் சிவப்புத் துணி முடிந்து கொடுத்தார்கள். இரண்டு பேர் இரு முனையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டால், துணி இருக்கிற இடத்தில் நாற்றை ஊன்றிக்கொண்டே போகலாம். அந்தக் கயிறு மாட்டுக் கொட்டகையில் தொங்கிக்கொண்டு இருந்தது. எடுத்து வந்து, நெருக்கி முடிந்து, வாசலில் இரண்டு முளையடித்துக் கட்டினேன். துணிக்குத் துணி ஒரு புள்ளி. கயிற்றை ஒரு சாண் தள்ளிக் கட்டினால் அடுத்த வரிசை. புள்ளி நேராக நின்றது. கோட்டை மட்டும் அவள் சொல்லச் சொல்ல இழுத்தேன்.

"எப்பிடிக் கீது?" என்று அவள் எதிர்வீட்டைக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை.

"கோணல் இல்ல அண்ணி. ஆனா கோலம் மாரியும் இல்ல. நடவு வுட்ட கழனி மாரி கீது."

"நட்டா வெளையும், வுடு" என்றாள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. வருசா வருசம் ஐப்பசிக்கு முன்னால் ஆள் வைத்துக்கொண்டு நானே மேலே ஏறி உடைந்த ஓட்டை மாற்றி, சரிந்ததை அடுக்கிவிடுவேன். அந்த வருசம் அந்த நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் போய்விட்டது. மழை எங்கள் ஓட்டை மாற்றாத வருசத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்த மாதிரி, வீட்டின் எல்லா இடத்திலும் ஒழுகியது. அண்டா, தவலை, சொம்பு என்று இருந்த பாத்திரத்தையெல்லாம் வைத்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே, சத்தத்தை வைத்து, அது சொம்பு, நிரம்பப் போகுது, எடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகளை வரச்சொல்ல முடியாது, ஆற்றில் வெள்ளம், அந்தப் பக்கத்து பஸ் நின்றுவிட்டது. ஓட்டுக்காரரோ, ஈர ஓட்டின்மேல் கால் வைத்தால் பத்து உடையும், மழை விடட்டும் என்று சொல்லியனுப்பினார். அவர் சொன்னதில் தப்பில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் கட்டிலின் தலைமாட்டிலேயே தண்ணீர் விழ ஆரம்பித்தது. கட்டிலைத் தள்ளினால் அங்கேயும் ஒழுகுகிறது. தரையெல்லாம் சாணம் மெழுகினது ஊறி வழுக்குகிறது. இவள் ராத்திரியில் எழுந்து வழுக்கி விழுந்தால் என்ன ஆவது என்று எனக்குப் படபடத்தது. தலைமாட்டுக்கு மேலே சரிந்திருக்கிற அந்த ஓட்டை மட்டும் தள்ளிவிட்டால் போதும், கூரை இறங்குகிற இறவாணத்து ஓரம் நின்றுகொண்டே கோலால் தள்ளிவிடலாம், இரண்டு படிதான் ஏறப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தோட்டத்துப் பக்கம் போய் ஏணியைச் சாத்தினேன்.

இரண்டு படி மூன்றானது. அண்ணாந்து பார்த்தேன். தூறல் முகத்தில் விழுந்தது. ஓட்டு வரிசை கொஞ்சம் ஆடின மாதிரி இருந்தது. கண்ணை மூடி ஏணியைக் கட்டிக்கொண்டேன்.

கீழே அவள் வந்து நின்றிருந்தாள். தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்திருக்கிறாள். கத்தவில்லை. "எத்தினியாவது படியில நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

இன்னும் ஏறவில்லை என்று சொன்னேன்.

"ஏணிக் கட்டு முனகுற சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுது. நீங்க ஏறுங்க. நல்லா மேல போங்க. உள்ள தண்ணி தேங்கிக் கெடக்கு. நான் குனிஞ்சி வாரித் தள்ளிட்டு வரேன்."

சொல்லிக்கொண்டே சுவரோரம் கிடந்த துடைப்பத்துக்காகக் காலால் துழாவினாள். கால் விரலில் துடைப்பம் தட்டுப்பட்டது. அவள் முழங்கால் மடங்குகிறதைப் பார்த்தேன்.

நான் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. அவள் இரண்டு தோளையும் பிடித்து நிமிர்த்தினேன்.

"இந்த ஒத்தக் கண்ணு எனக்கு எதுக்குங்க?" என்றாள். "நீங்க வுழுந்து கெடக்குறதப் பாக்கவா?"

அவள் அழக் கூடாது. நான் அழுதால் அவளும் அழுவாள். ஆகையால் இரண்டு பேரும் அழாமல், மழையில் நின்றுகொண்டிருந்தோம். பிறகு நான் ஏணியைச் சாய்த்துத் தரையில் போட்டேன். போட்ட சத்தம் கேட்ட பிறகுதான் அவள் உள்ளே நடந்தாள்.

வீட்டில் ஒழுகாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. சாமி மூலை. எங்கள் வீட்டில் அந்த மூலையில் மயிலம் முருகன் படம் மாட்டி, கீழே விளக்கு வைத்திருப்போம். குளிக்காமல் அந்தப் பக்கம் போகிறதில்லை. காலை நீட்டி உட்காருவதுகூட இல்லை. நான் கை கால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, படத்தின் முன்னால் நின்று விஷயத்தைச் சொன்னேன். உள்ளபடி சொன்னேன், மறைக்கவில்லை. பிறகு படத்தைக் கழற்றினேன்.

அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. "சாமி எடத்துல கட்டில் போடுறதா? பாவம்ங்க."

"மலைமேல நிக்கிறவருக்கு மழை புதுசாடி? உன் கண்ணுக்குத்தான் புதுசு" என்றேன்.

அவரை உள்ளறையில் நெல் குதிரின்மேல் சாய்த்து வைத்து, யூரியா மூட்டைக்குள் இருந்த பிளாஸ்டிக் பையைக் கழுவித் துடைத்துக் கூரையாகக் கட்டினேன். விளக்கையும் அங்கேயே கொண்டுபோனேன், புகை அவளுக்குப் படாது. சாமி மூலையில் கட்டில் ஏறியது. மழை விடும்வரைக்கும் அவள் அங்கேதான் படுத்தாள். நான் காலையிலும் சாயங்காலமும் குதிருக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். பிளாஸ்டிக்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். எத்தனையோ தடவை மயிலத்துக்கு நடந்து போயிருக்கிறேன், அவர் சன்னதியில் நின்றிருக்கிறேன். அவர் எனக்காக எழுந்து இடம் விட்டது அப்போதுதான். எனக்குப் படிப்பு அதிகம் இல்லை, இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதற்கு அப்புறம் நான் அவரிடம் எதையும் கேட்டு வேண்டிக்கொண்டதில்லை.

மழை நின்றதும் ஓட்டுக்காரர் வந்தார். ஏறுவதற்கு முன்னால் உள்ளேயிருந்து பனைமரச் சட்டங்களைக் குச்சியால் தட்டிக்கொண்டு வந்தவர், தலைமாட்டுக்கு மேலே வந்ததும் நிறுத்தினார். குச்சியை அழுத்தினார். அது மரத்துக்குள் போய்விட்டது. மேலே நல்ல சட்டமாகத் தெரிந்தது, உள்ளே செல் அரித்து வெறும் கூடு. இந்த இறவாணத்தில் யாராவது கையை ஊன்றியிருந்தால் ஓடும் சட்டமும் ஆளும் சேர்ந்து உள்ளே வந்திருக்கும் என்றார். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் என் தட்டைத் தடவிப் பார்த்து, இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். இன்றுவரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினதில்லை.

மார்கழி பிறக்கும்போது கண்ணாடி கொடுத்தார்கள். சோடா புட்டி அடி மாதிரி கனமான கண்ணாடி. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து போட்டுக்கொண்டவள், சுவரைப் பார்க்கவில்லை, டாக்டர் காட்டிய பலகையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"மீசையெல்லாம் நரச்சிப் போச்சி" என்றாள். "எனக்குச் சொல்லவே இல்ல."

மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இவள் அதை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ரொம்பப் பெரிய மூக்கு என்றாள். கண்ணாடி பெரிதாகக் காட்டுகிறது என்று நாங்கள் சொன்னோம். மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டியிருந்தாள். ஒரு கண்தானே, ஒன்று போதுமா என்று நான் கேட்டேன். ஜோடியாக வாங்கச் சொன்னாள். "எடுத்ததுக்கு ஒண்ணு, குடுத்ததுக்கு ஒண்ணு" என்றாள்.

டாக்டர் குனியலாம் என்று சொன்ன மறுநாள் விடியற்காலையில் எனக்கு முன்னால் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். நான் போகும்போது சாணம் தெளித்து, பெருக்கி, கொட்டாங்கச்சியில் மாவோடு உட்கார்ந்திருந்தாள். இருட்டில்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கோலம் போடுகிறவள் அவள். புள்ளி வைத்தாள். அது விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. அந்தக் கண்ணாடியில் தரை கிட்டத்தில் எழுந்து வருகிற மாதிரி தெரிகிறதாம். ஒரு சாண் தள்ளி நினைத்தால் அரைச் சாணில் விழுகிறது. அழித்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அழித்தாள். நான் பசுவைப் பார்க்கிறவன் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு, "அந்தக் கயித்த எடுத்துக்கின்னு வாங்க" என்றாள்.

கொட்டகையில் இருந்து எடுத்து வந்தேன். முளையடிக்கக் குனிந்தேன். முளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். மறு முனையை நான் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். எதிர்வாசலில் தங்கச்சி வாளியோடு வந்து நின்று, மார்கழியில் எந்தக் கழனியில் நடவு என்று கேட்டாள். என் மனைவி கண்ணாடியைக் கையின் பின்புறத்தால் மேலே தள்ளிவிட்டு, முதல் சிவப்புத் துணியின் கீழே ஒரு புள்ளி வைத்தாள்.

"நல்லா இழுத்துப் புடிங்க" என்றாள். "தொய்யுது."

நான் இழுத்துப் பிடித்தேன்.